இன்டீரியர் மட்டும் கொஞ்சம்

குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய ஆள் நான். ஹைதராபாத்தில், கச்சிபௌலியில் ஒரு மென்பொருள் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். மற்றவர்கள் மூளையைக் கசக்கி எழுதிய புரோகிராமை ஓட்டிப் பார்த்து, இது சரியில்லை, அது சொத்தை என்று பட்டியல் போடுவது என் வேலை. (மாமியார் உத்தியோகம் என்பாள் என் மனைவி ஹேமா. என் அம்மா எங்கள் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டதால், வீட்டில் அந்தப் பதவியையும் நான்தான் வகித்தேன்.) அப்பேர்ப்பட்ட நான், ஒரு காரில் ஆறு குறைகளை என் கைப்பட எழுதி வைத்துவிட்டு, அதே காரில் பெற்ற தகப்பனைக் கூட்டிக்கொண்டு போய் நடுரோட்டில் நிறுத்தினேன். அதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா திருநெல்வேலியில் அரசு பஸ் டிரைவர். முப்பத்தொரு வருடம் முன் ஸீட்டில் உட்கார்ந்து ஊரையே பின்னால் வைத்து ஓட்டிய மனிதர். நான் என்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒருநாள், நண்பர்களோடு ஏறிய பஸ்ஸில் அப்பாதான் டிரைவர். கண்ணாடி வழியாக அவர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். "யார்றா அது, தெரிஞ்சவரா?" என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். அவன் அப்பா வங்கி மேனேஜர். "எங்க ஊர்க்காரர்" என்று சொல்லிவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்பா காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை பன்னிரண்டு வருடமாக எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அதற்கு நான் மனதுக்குள் தீர்மானித்து வைத்திருந்த பரிகாரம் இதுதான்: அப்பாவை ஒரு பெரிய காரின் பின் ஸீட்டில், அதிகாரி மாதிரி உட்கார வைத்து, நான் ஓட்ட வேண்டும். மன்னிப்புக் கேட்டுவிட்டால் நிமிடத்தில் முடிகிற காரியம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கார் வாங்குவது அதைவிடச் சுலபமாகத் தெரிந்தது.

2006 மழைக்காலத்தில் அப்பா முதல்முதலாக விமானம் ஏறி ஹைதராபாத் வருவதாக ஏற்பாடாயிற்று. சரியாக அதே வாரத்தில் புரோக்கர் ராஜு போன் செய்தார். ஜெர்மன் கார். (கம்பெனி பெயர் வேண்டாம். பாவம், அவர்கள் ஒழுங்காகத்தான் செய்து அனுப்பினார்கள்.) கறுப்பு நிறம், சன்ரூஃப், கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர், புதுக் கார் விலையில் கால்வாசிதான்.

"இஞ்சின் கிளாஸ் சார். மும்பை பார்ட்டி. இன்டீரியர் மட்டும் கொஞ்சம் வேலை இருக்கு," என்றார் ராஜு. அவர் தெலுங்குக்காரர், சென்னையில் கொஞ்ச காலம் இருந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். "இன்னொரு பார்ட்டி சண்டே சாயங்காலம் வர்றாங்க. அதுவரைக்கும் நீங்க ஓட்டிப் பாருங்க. புடிச்சா எடுத்துக்கோங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார் எங்கள் அடுக்ககத்து வாசலுக்கு வந்துவிட்டது. நான் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் குறைகளை மூன்று ரகமாகப் பிரிப்போம். முதல் ரகம், இருந்தால் சரக்கு வெளியே போகவே கூடாது. இரண்டாவது, தொல்லை, ஆனால் சமாளிக்கலாம். மூன்றாவது காஸ்மெடிக்: பார்க்கத்தான் அசிங்கம், வேலைக்குப் பழுதில்லை. மேற்கூரைத் துணி நடுவில் ஒட்டு விட்டுத் தொங்கியது. யாரோ வரிசையாகக் குண்டூசி குத்தி நிறுத்தியிருந்தார்கள். காஸ்மெடிக் என்று எழுதினேன். பின் ஸீட் தோலில் உலக வரைபடம் போலக் கறை. காஸ்மெடிக். ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படர்ந்த மாதிரி மூட்டம். காஸ்மெடிக். ஸீட்டின் கால்களில் துரு, பின் ஜன்னல்கள் ஏறி இறங்குவதில் முனகல், ஊறப்போட்ட சாக்கு மாதிரி ஒரு வாடை. எல்லாமே காஸ்மெடிக். தரை விரிப்பு மட்டும் புத்தம் புதுசு. அதை நல்ல அம்சங்கள் பக்கத்தில் எழுதினேன்.

ஹேமா கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே விட்டாள். அவள் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். மூன்று தலைமுறையாக செகந்திராபாத். கோபம் வந்தால் தமிழுக்கு நடுவில் ஹைதராபாத் உருது வந்துவிடும்: நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு, ஹவ் என்றால் ஆமாம்.

"நக்கோங்க," என்றாள். "கைக்கு இந்தத் தலைவலி? உள்ள நுழைஞ்சா குமட்டுது."

"வாடைதானே? காஸ்மெடிக்."

"ஹவ், எல்லாம் காஸ்மெடிக். மாமாவுக்கு இதெல்லாம் வேணும்னு யார் சொன்னது? உங்ககூட நாலு வார்த்தை பேசணும்னு வர்றார் அவர்."

எனக்கு அது காதில் ஏறவில்லை. கடைக்குப் போய் நான்கு வெள்ளை டர்க்கி டவல் வாங்கி வந்து, கலெக்டர் காரில் விரிப்பதுபோல் ஸீட்டுகளில் விரித்தேன். கறை மறைந்தது. ஊதுபத்தி கொளுத்தி வாடையை அடக்கினேன். குண்டூசிகளை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டேன். மனதளவில் அந்தக் காரை அப்போதே வாங்கிவிட்டேன்.

சனிக்கிழமை காலை பேகம்பேட் விமான நிலையம். அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வெளியே வந்தார். ஐந்து வயது அபி ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். பிளேன் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் ஓட்டுனான். எறக்கும்போது மட்டும் ஒரு குலுக்கு," என்றார், சக தொழிலாளியைப் பற்றிச் சொல்வதுபோல்.

காரைப் பார்த்ததும் அவர் கால் தானாக முன்கதவுக்குப் போயிற்று. நான் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். "நீங்க இங்கதான் உக்காரணும்ப்பா." அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, டவலைக் கையால் நீவி, அழுக்குப் பட்டுவிடாமல் அதன் நுனியில் உட்கார்ந்தார். அபி பக்கத்தில் ஏறிக்கொண்டாள். ஹேமா முன்னால். பன்னிரண்டு வருடப் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கிளப்பினேன்.

"ஏலே, கொளத்து வாடை அடிக்கில்லா?" என்றார் அப்பா.

"அது காஸ்மெடிக்ப்பா."

"அப்படின்னா?"

"மேல்பூச்சுல இருக்கற குறை, மாமா," என்றாள் ஹேமா. "இஞ்சினுக்கு ஒண்ணுமில்லன்னு அர்த்தமாம்."

விமான நிலையத்து வாசலைத் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. போக்குவரத்து ஊர்ந்தது. ஐந்து நிமிடம் கழித்து அப்பா மறுபடி கூப்பிட்டார்.

"ஏலே சண்முகம், மேல துணி வயிறு மாதிரி இறங்குதுல. உள்ள தண்ணி சேருது."

கண்ணாடியில் பார்த்தேன். சன்ரூஃபுக்குக் கீழே துணி குடமாகப் புடைத்து, அப்பாவின் தலைக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தது. குண்டூசிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. "ஒண்ணும் ஆகாதுப்பா, அது வெறும்..." என்று ஆரம்பித்தேன். முன்னால் போன பஸ் நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன்.

மொத்தத் தண்ணீரும் துணியோடு சேர்ந்து இறங்கிற்று. காவி நிறத் தண்ணீர். அப்பா, அபி, நான்கு கலெக்டர் டவல்கள் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. துணி அப்பாவின் தலையில் முக்காடாக விழுந்திருந்தது. அபி மட்டும் கைதட்டினாள். "தாத்தா, வர்ஷம் லோபல படுதோந்தி!" மழை உள்ளே பெய்கிறதாம். பேத்தி தெலுங்கில் சொன்னது தாத்தாவுக்குப் புரிந்திருக்காது, ஆனால் விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்த நொடி இஞ்சின் நின்றது. கதவுகள் டக்கென்று பூட்டிக்கொண்டன. ஹார்ன் தானாக அலற ஆரம்பித்தது. எதை அழுத்தினாலும் நிற்கவில்லை. பேகம்பேட் நடுரோட்டில், எனக்கு முன்னால் அசையாமல் நிற்கும் பஸ்ஸைப் பார்த்து, என் கார் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பஸ் டிரைவர் இறங்கி வந்து என்னைத் தெலுங்கில் வகை வகையாகத் திட்டினார். சனிக்கிழமையும் வேலைக்குப் போகிற எங்கள் கம்பெனி ஷட்டில் பஸ் பக்கத்தில் ஊர்ந்து போயிற்று. ஜன்னலில் என் டீம் பையன்கள் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஒருவன் கையசைத்தான்.

திறந்தது என் பக்கத்துக் கதவு ஒன்றுதான். நான் இறங்கினேன். ஹேமா கியரைத் தாண்டி என் ஸீட் வழியாக இறங்கினாள். அபியைத் தூக்கி வெளியே எடுத்தோம். கடைசியாக அப்பா, அறுபத்திரண்டு வயதில், நனைந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு ஸீட்டுக்கும் நடுவில் நுழைந்து வந்து, டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்தார். அதற்குமேல் நகரவில்லை.

"எறங்குங்கப்பா."

"எறங்கி? பின்னால நூறு வண்டி நிக்கி. நீ போய்த் தள்ளு. நான் பிடிக்கேன்." குனிந்து பார்த்தார். "இதுல கிளட்ச்ச எங்கல வச்சிருக்கான்?"

இஞ்சின் நின்றுவிட்டதால் ஸ்டியரிங் கல்லாக இறுகிக் கிடந்தது. பவர் ஸ்டியரிங் என்றால் என்னவென்றே தெரியாத பஸ்களை ஓட்டிய கை அது. ஒரே இழுப்பில் ஒடித்தார். அப்பாவைப் பின் ஸீட்டில் உட்கார வைக்க ஆசைப்பட்ட மகன் பின்னாலிருந்து தள்ள, அப்பா முன் ஸீட்டில் உட்கார்ந்து வண்டியை ஓரம் கட்டினார். கத்திக் கத்திக் களைத்துப்போய் ஹார்ன் தானாக நின்றது.

அந்த அமைதியில்தான் போக்குவரத்துக் காவலர் வந்தார். டிரைவர் பக்கத்து ஜன்னலில் நின்று, பின்னால் நின்ற என்னைக் காட்டி ஏதோ கேட்டார். ஹேமா குடைக்குள்ளிருந்து மொழிபெயர்த்தாள்.

"மாமா, பின்னாடி நிக்கறது யாரு, உங்களுக்கு என்ன வேணும்னு கேக்கறார்."

அப்பா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அதே பார்வை.

"எங்க ஊர்க்காரப் பையன்," என்றார்.

ஹேமா விழுந்து விழுந்து சிரித்தாள். காவலருக்கு அதைத் தெலுங்கில் சொல்ல, அவரும் சிரித்தார். நான் மட்டும் டிக்கியில் வைத்த கையை எடுக்காமல் நின்றேன். மழைக்கு நன்றி சொல்ல வேண்டும். முகத்தில் எது மழை, எது இல்லை என்று யாருக்கும் தெரியவில்லை.

மழை விட்டதும் அப்பா அந்தப் புத்தம் புது விரிப்பைத் தூக்கினார். அடியில் விரற்கடை கனத்துக்குச் சாம்பல் நிறச் சேறு. அதில் ஒரு குட்டி நத்தை ஓடு. அதை எடுத்து அபியின் கையில் கொடுத்தார். "முங்குன வண்டிலே இது. ஆத்துலயோ கடல்லயோ." நான் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். மும்பைப் பதிவு. போன வருடம் மும்பையில் வெள்ளம் புகுந்தபோது ஊரே தொலைக்காட்சியில் பார்த்தது, நானும் பார்த்தேன். ஆறு குறைகளைத் தனித்தனியாக எழுதி, தனித்தனியாக மன்னித்த சிங்கத்துக்கு, ஆறையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் ஒருவர் கட்டி இழுத்துக்கொண்டு போக, காரை ராஜுவிடம் ஒப்படைத்தோம். "இன்டீரியர்னு நான் முன்னாடியே சொன்னேன்ல சார்?" என்றார் ராஜு வருத்தத்தோடு. சொன்னார்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு அதை விட மனசில்லை. துணியை மாற்றினால், ஒயரிங் பார்த்தால் என்று முணுமுணுத்தேன்.

"ஒனக்கு ஆசைன்னா வாங்குல," என்றார் அப்பா. "எனக்காவன்னா வேண்டாம்."

சாவியைக் கொடுத்துவிட்டேன். திரும்பும்போது ஆட்டோ. பின் ஸீட்டில் அப்பாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில். அப்பாவைப் பின் ஸீட்டில் உட்கார வைக்கும் என் பரிகாரம் கடைசியில் ஒரு வாடகை ஆட்டோவில் நிறைவேறியது. ஒரு சிக்னலில் நின்றபோது வாயைத் திறந்தேன்.

"அப்பா, அன்னைக்கு பஸ்ல... அந்தப் பய கேட்டப்ப நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுதா?"

"எனக்கு நேர் பின்னால ஸீட்டுல இருந்து சொன்னா கேக்காமலா?"

"தப்புப் பண்ணிட்டேன்ப்பா."

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறொருவர் ஓட்டும்போதும் அவருக்கு ரோட்டைப் பார்த்துத்தான் பழக்கம்.

"அது சும்மா காஸ்மெடிக்குல," என்றார். "இஞ்சினுக்கு ஒண்ணும் ஆவல."

அதற்கப்புறம் நாங்கள் வாங்கியது ஒரு பழைய சின்னக் கார். விரிப்பைத் தூக்கி, முகர்ந்து பார்த்து, தேர்ந்தெடுத்தது அப்பா. ஹைதராபாத் வரும்போதெல்லாம் முன் ஸீட்டில்தான் உட்கார்வார். அபி இப்போது மேற்படிப்பு படிக்கிறாள். பரீட்சையில் மார்க் குறைந்தால் காஸ்மெடிக் என்கிறாள், அவளுடைய போனில் என் பெயர் ‘ஊர்க்காரர்’ என்றுதான் இருக்கிறது. அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. போன மாதம் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். துணைக்கு வந்திருப்பது யார் என்று நர்ஸ் கேட்டாள். அப்பா கட்டுப் போட்ட கண்ணோடு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "எங்க ஊர்க்காரப் பையன்" என்றார். நர்ஸ் நீட்டிய படிவத்தில் உறவு என்று இருந்த கட்டத்தில் நான் மகன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.