பொன்வாயுத் தீர்த்தம்

ஞாயிறு விடிவதற்குள் மாரியம்மன் கோயில் மண்டபம் நிறைந்துவிட்டது. கோலா கிளாவாங்கிலிருந்து வேனில் வந்தார்கள். போர்டிக்சனிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். மம்பாவுக்கு அப்பால், செம்பனை எண்ணெய் மரங்களுக்கு நடுவே இருக்கிற எஸ்டேட் அது. திருவிழாவுக்குத்தான் இத்தனை வண்டி நிற்கும். இப்போது வாராவாரம் நிற்கிறது.

காரணம், பொன்வாயு சுவாமிகள். முன்பு இராஜமாணிக்கம் என்ற பெயரில் வீடு வீடாகத் தண்ணீர் ஃபில்டர் விற்றவர். ஃபில்டர் போணியாகவில்லை. ஞானம் வந்துவிட்டது.

வைத்தியம் எளிது. ஆளுக்கொரு கண்ணாடிக் குவளை. அதில் சாமியின் தீர்த்தம். தீர்த்தத்தில் உங்கள் தங்கச் சங்கிலி. சங்கிலி முழுக்கக் குமிழி பூக்கும். குடித்தால் சர்க்கரை, மூட்டுவலி, மருமகள் தொல்லை எல்லாம் தீரும்.

“வெள்ளைக்காரனே கண்டுபிடிச்சிட்டான்!” என்றார் சாமி. “தங்கம் தீர்த்தத்துல இருக்கிற ஹைட்ரஜனை இழுக்கும். ரெண்டா பிளக்கும். இதுக்குப் பேரு வினையூக்கி. நம்ம சித்தருங்க அன்னைக்கே சொன்னது!”

எந்தச் சித்தர் என்று யாரும் கேட்கவில்லை.

முன்வரிசையில் மயிலம்மாள். இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டாள். ஊசி போட்டால் ஹைட்ரஜன் கோபித்துக்கொள்ளும் என்பது சாமி உத்தரவு. அவளுடைய கால் கட்டைவிரல் கறுத்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் மகள் திலகா. போர்டிக்சனில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போக வந்தவள்.

“எழுந்திரும்மா. விரலை எடுக்கச் சொல்லிடுவாங்க.”

“பாரு லா, என் குவளையில எப்படிப் பொங்குது! நான் வரல.”

திலகா எழுந்து நின்றாள்.

“சாமி, ஒரு சந்தேகம். கவரிங் நகையைப் போட்டா குமிழி வருமா?”

சாமி சிரித்தார். “கவரிங்குக்கா? ஹைட்ரஜன் அசலுக்கு மட்டும்தாம்மா மசியும். கவரிங்ல ஒரு குமிழி வந்தாலும் இந்தக் காவியை இங்கேயே கழட்டிடறேன்.”

ஆண்கள் கை தட்டினார்கள். பெண்கள் தட்டவில்லை.

“அப்ப கவரிங் போட்டவங்க கை தூக்குங்க,” என்றாள் திலகா.

ஒவ்வொருத்தியும் தன் குவளையைப் பார்த்தாள். குமிழிகள் குதூகலமாக ஏறிக்கொண்டிருந்தன.

விஷயம் இதுதான். எஸ்டேட் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் வந்து சங்கிலி அறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் அசல் நகை அரிசிப் பானைக்குள். கழுத்தில் கவரிங். சாமி அசல் கேட்டபோதும், பானையிலிருந்து எடுத்துவர ஒருத்திக்கும் மனசு வரவில்லை. கவரிங்கைப் போட்டார்கள். அதுவும் பொங்கியது. அம்மன் என் பொய்யை மட்டும் மன்னித்துவிட்டாள் என்று ஒவ்வொருத்தியும் நினைத்தாள். பக்தி இரட்டிப்பானது.

திலகா அம்மாவின் காதருகே குனிந்தாள். “மம்பாவ் பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில இந்தக் கவரிங்கை நான்தானே வாங்கித் தந்தேன்.”

“வாயை மூடு. மானத்த வாங்காத.”

“மானம் போனா திரும்ப வரும்மா. விரல் வராது.”

மயிலம்மாள் தன் காலைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

“என்னுதும் கவரிங்தான் லா,” என்றாள் பின்னாலிருந்து வள்ளியம்மா.

“ஐயோ, என்னுதும்!”

மண்டபம் முழுக்கக் கைகள்.

“இது... கூட்டுப் பிரார்த்தனையோட சக்தி,” என்றார் சாமி.

திலகா தன் மோட்டார் சைக்கிள் சாவியை ஒரு குவளைக்குள் போட்டாள். சாவியும் குமிழி பூத்தது. சாவி பிரார்த்தனை செய்ததாகத் தெரியவில்லை.

“இது சோடாத் தண்ணி. எதைப் போட்டாலும் குமிழி ஒட்டும். இதுல ஹைட்ரஜன் வாயுவே இல்ல.”

“அப்ப தங்கம், ஹைட்ரஜன் எல்லாம் புளுகா?” என்று கேட்டார் கோயில் தலைவர் திருநாவுக்கரசு.

“அது நெசம்தான் அண்ணே. ஆனா தங்கம் கண்ணுக்கே தெரியாத துகளா இருக்கணும். ஒரு ஆக்ஸைடு மேல ஒட்டியிருக்கணும். சூடும் வேணும். அந்தத் துகளோட ஓரத்துலதான் ஹைட்ரஜன் ரெண்டா பிரியும். சங்கிலியா இருக்கிற தங்கம் ஹைட்ரஜனைத் திரும்பிக்கூடப் பார்க்காது.”

“அதெல்லாம் இருக்கட்டும்,” என்றாள் வள்ளியம்மா. “காவியைக் கழட்டு சாமி!”

கழற்ற வைத்தார்கள். உள்ளே ஃபில்டர் கம்பெனி பனியன் இருந்தது.

மயிலம்மாள் அன்றே ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். விரல் தப்பியது. மயிரிழையில்.

நம் மக்களை ஏமாளிகள் என்று நான் சொல்ல மாட்டேன். நகையைக் கொடுக்கும் முன் நன்றாக யோசித்தார்கள். உயிரைக் கொடுக்கும் முன்தான் யோசிக்கவில்லை. அடுத்த சாமி வரும்போது வரிசையை மாற்றி, உயிருக்காக முதலில் யோசித்துப் பாருங்கள்.