அடைவாசலில் கேட்ட குரல்

சுழல்நாட்டில் எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் எந்த ஊருக்கும் இரண்டு மூன்று வழிகள் இருந்தன. மக்களுக்கு அது வசதியாக இருந்தது, வதந்திகளுக்கும்தான். ஒருமுறை உப்பு தீரப்போகிறது என்று யாரோ சொல்ல, ஒவ்வொரு ஊர் முரசறைவோனும் அதை அடுத்த ஊருக்குக் கூவினான். சுற்றி வந்த அதே செய்தியைப் புதியது என்று நினைத்து மறுபடியும் கூவினார்கள். பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காத அளவுக்குக் கூச்சல் பெருகியது.

அரசவை கூடி, ஒரு தலைநகர் வேண்டும், ஒவ்வொரு ஊரும் அதற்கு ஒரே வழியில்தான் போகவேண்டும் என்று முடிவெடுத்தது. எந்த ஊரும் போட்டிக்கு வரவில்லை. விதிப்படி மிகப் பழைய ஊரான மூதூர் வென்றது. அங்கே இரண்டு வண்டிகள் ஒதுங்கத் தெருவில் இடமில்லை என்று சிலர் சொன்னார்கள். தொன்மைக்கு அகலம் தேவையில்லை என்று அமைச்சர் முறைகண்டார் விளக்கினார்.

பிறகு ஊர் வாசல்களுக்குப் பதவிகள் தரப்பட்டன. மூதூருக்குக் குறுக்கு வழியில் போகும் வாசல் தலைவாசல். மூதூரின் அறிவிப்பை அடுத்த ஊருக்குச் சொல்வது ஏவல்வாசல். வட்டத்தை உண்டாக்கக்கூடிய மிச்ச வாசல் அடைவாசல். அதன் வழியே ஆளும் போகக்கூடாது, பேச்சும் போகக்கூடாது. எதிரே உள்ள ஏவல்வாசலிலிருந்து தினமும் வரும் அறிவிப்பை மட்டும் ஒருவர் அங்கே நின்று கேட்கவேண்டும். அது நின்றுபோனால் மூதூர் வழி அறுந்தது என்று பொருள். சிலநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வாசலைத் திறக்கலாம்.

புன்னைவாடியின் கிழக்கு வாசல் அடைவாசலானது. அந்த ஊர் நீலாயியின் கணவன் மருதன், கூப்பிடு தொலைவிலிருந்த கருங்காட்டில் முரசறைவோன். ஆணை வந்த அன்று அவன் வேலைக்குப் போயிருந்தான். ஏவல்வாசலை விட்டு அகலக்கூடாது என்று அங்கேயே நிறுத்திவைத்துவிட்டார்கள். நீலாயி அப்போது நிறைமாதம். பெண் குழந்தை பிறந்ததும் மூதூர் வழியாகச் செய்தி அனுப்பினாள். நாட்டின் செய்திகளெல்லாம் குவிந்து கிடந்த அந்தச் சந்துகளில் அதுவும் எங்கோ சிக்கிக்கொண்டது. கைக்குழந்தையோடு அந்த நெரிசலில் நுழைய அவளாலும் முடியவில்லை.

அடைவாசலில் கேட்கும் வேலையை அவளே வேண்டி வாங்கிக்கொண்டாள். காலைதோறும் கதவுக்கு அப்பால், தன் ஏவல்வாசலில் நின்று மருதன் கூவுவான்: மூதூரே தலைநகர், கருங்காட்டிலிருந்து ஓர் ஊர்த் தொலைவு. வேறு சொல் கிடையாது. அவள் பதில் சொல்லக்கூடாது. சளி பிடித்திருக்கிறதா, சாப்பிட்டானா என்று குரலை வைத்தே கண்டுகொள்வாள். குழந்தையைக் கதவருகே தூக்கிப் பிடிப்பாள். அது வாய்விட்டுச் சிரித்தால் பொத்துவாள். அந்தக் குரல் வந்துகொண்டிருக்கும்வரை கதவு திறக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். அது நிற்கவேண்டும் என்று ஏங்குவாள். நின்றுவிடுமோ என்று நடுங்குவாள்.

ஒருநாள் குரல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. விதித்த நாட்களை அவள் சோறிறங்காமல் கழித்தாள். தாழ்ப்பாளை நீக்கியதும் குழந்தையோடு கருங்காட்டுக்கு ஓடினாள்.

மருதன் ஏவல்வாசலில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை. குழந்தையைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"நான் பேசிக்கிட்டிருக்கிற வரைக்கும் நீ வரமுடியாது. அதான் பேசல," என்றான். பிறகு, "பொண்ணா?" என்று கேட்டான்.

அவள் தலையாட்டி, குழந்தையை அவன் கையில் கொடுத்தாள்.

மூதூர் வழியும் அறுந்திருக்கவில்லை என்பதால் வட்டம் மறுபடி கூடியது. பழைய வதந்திகள் சுற்றத் தொடங்கின. முறைகண்டார் பரிவாரத்தோடு வந்து சேர்ந்தார்.

"நீ எதையும் தவறாகச் சொல்லவில்லையே?" என்று விசாரித்தார்.

"ஒண்ணுமே சொல்லலீங்க."

"அதுதான் ராஜதுரோகம்."

மருதனைத் தண்டித்தால் கூவ ஆளில்லை என்று விட்டுவிட்டார்கள். கிழக்கு வாசல் மீண்டும் அடைபட்டது. இம்முறை அவர்கள் மூவரும் ஒரே பக்கத்தில், கருங்காட்டில் இருந்தார்கள். நீலாயியின் தங்கை அந்தப் பக்கம், கேட்கும் வேலையில். ஒருவன் மௌனத்தில் நாடு ஆட்டம் காணக்கூடாது என்று புது ஆணை வந்தது. இனிக் குடிமக்கள் அனைவரும் காலையில் ஏவல்வாசலில் கூடி மூதூரின் பெயரைக் கூவவேண்டும். வாய் அசையாதவருக்குச் சிறை.

முதல்நாள் கருங்காடே அதிர்ந்தது. மறுநாள் நீலாயி தங்கையை நினைத்தபடி, வாயை மட்டும் அசைத்தாள். பக்கத்தில் நின்ற கிழவர் அதைக் கவனித்துவிட்டுத் தன் குரலையும் இறக்கிக்கொண்டார். கதவுக்கு அப்பால் எல்லாருக்கும் யாரோ ஒருவர் இருந்தார். இப்போதும் காலைதோறும் எல்லா வாய்களும் அசைகின்றன. அதிகாரிகள் எண்ணிப் பார்த்துத் திருப்தியோடு திரும்புகிறார்கள். சத்தம்தான் நாளுக்கு நாள் தேய்கிறது.