தோசை சாரும் என் மச்சானும்

கீரனூரில் கை, கால், இடுப்பு என்று ஏதாவது ஒன்றை வைத்திருந்த எவரும் தோசை சாரிடம் திட்டு வாங்காமல் தப்பியதில்லை. மனிதர் தோசை சுட்டவரும் அல்ல, தோசைப் பிரியரும் அல்ல. பிசியோதெரபிஸ்ட். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மெஸ்ஸின் மாடியில் ஒற்றை அறை. 'இங்கு தசைப் பயிற்சி அளிக்கப்படும்' என்று போர்டு எழுதச் சொல்லியிருக்கிறார். அதே நாளில் கீழே மெஸ்ஸுக்கும் எழுதிய பெயிண்டர், கை ஓடிய வேகத்தில் 'தோசைப் பயிற்சி' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். முதல் வாரம் வந்த நான்கு பேரும் மாஸ்டர் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்கள். சார் ஏணி போட்டு ஏறி, கொம்பையும் காலையும் சுரண்டி எடுத்தார். ஊரார் காலைச் சரிசெய்ய வந்தவர் முதலில் எடுத்தது தன் போர்டிலிருந்த காலைத்தான். பெயரை மட்டும் சுரண்ட முடியவில்லை.

"சதை பிடிச்சுக்கிச்சு சார்" என்று யாராவது முனகிக்கொண்டு வந்தால் போச்சு. சதை என்பது தராசில் போடுவது, தசை என்பது வேலை செய்வது என்று வலியோடு வந்தவரை நிற்கவைத்தே விளக்குவார். எலும்போடு ஒட்டிய வெள்ளையை 'நரம்பு' என்று சொன்னதற்காகக் கறிக்கடைக்காரரோடு மல்லுக்கு நின்றார். அது தசைநாண், தசையை எலும்போடு கட்டிவைக்கும் கயிறு என்பது சார் கட்சி. வெட்டி எறியட்டுமா, வேண்டாமா என்பது கடைக்காரர் கட்சி. பின்னால் நின்ற பத்து வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு தாமதமானது.

நான் அவரிடம் போய் மாட்டியது, என் கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது. திருச்சி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து வலது முழங்கை உடைந்திருந்தது. கட்டுப் பிரித்துப் பார்த்தால் கை பாதி மடக்கிலேயே நின்றது. சோறே வாய்க்கு எட்டவில்லை, தாலி கட்ட எங்கே எட்டும்? பெண்ணின் அண்ணன் கந்தர்வக்கோட்டையில் முந்திரி வியாபாரி. வந்து கையைப் பார்த்தார். தேதியைத் தள்ளி வைத்துக்கொள்ளலாமே என்றார். தள்ளிவைத்த கல்யாணங்கள் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. போனில் பேசிப் பேசி ரொம்பவே பிடித்துப்போயிருந்தது.

சார் என் கையின் முன்னும் பின்னும் அழுத்திப் பார்த்தார்.

"முன்பக்கம் இருக்கவன் மாப்ள, பின்பக்கம் இருக்கவன் மச்சான். தசைக்கு இழுக்க மட்டுந்தாங்க தெரியும், தள்ளத் தெரியாது. மாப்ள இழுத்து கை மடங்கணும்னா மச்சான் விட்டுக் குடுக்கணும். ஒங்க மச்சான் விட மாட்டேங்கிறான்."

"நெசந்தான் சார். தேதியத் தள்ளணுங்கிறாரு."

சார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அன்றிலிருந்து தினமும் சித்திரவதை. இரண்டு கை விரல்களையும் கோத்து, ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துக் காட்டி, தசைக்குள் இருக்கும் இழைகள் இப்படித்தான் வழுக்கி உள்ளே போகின்றன, எந்த இழையும் சுருங்குவதில்லை என்பார். நான்தான் வலியில் சுருங்கிக்கொண்டிருப்பேன். பயிற்சி முடியும்போது தன் கையை என்னை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார், பிறகு விடச் சொல்வார். பிடித்ததற்குப் பாராட்டு கிடையாது, விட்டதற்குத்தான் மார்க். பிடிப்பதற்கு மட்டுமல்ல, விடுவதற்கும் தெம்பு வேண்டும் என்பது அவர் வேதம். செத்தவர்கள் விறைத்துப்போவதே விடுவதற்குத் தெம்பில்லாமல்தான் என்று, இடுப்பு வலிக்கு வந்திருந்த ஒரு பெரியவரின் முகத்துக்கு நேரே சொன்னார். பெரியவர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. நான் ஜன்னல் கம்பியில் ரிப்பன் கட்டிப் பழகினேன். மூன்றாவது முடிச்சு வந்துவிட்டதா என்று மெஸ்ஸில் இலை போடுபவர்கூட விசாரிக்க ஆரம்பித்தார்.

தேதி தள்ளவில்லை. ஆனால் மச்சானுக்கு நம்பிக்கை வரவில்லை. மேடையில் என் பக்கத்தில் வந்து நின்று, உதவி செய்வதாக நினைத்து என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கெட்டிமேளம் கொட்டுகிறது. கையில் தாலி. கை நகரவில்லை. பயத்தில் நானே விறைத்துப்போயிருந்தேன், மச்சானின் பிடி வேறு. அவள் தலையைக் குனிந்தபடி காத்திருக்கிறாள். முதல் வரிசையில் ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்றார். தோசை சார்.

"டேய் மச்சான், விடுடா!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. என் மச்சான் திடுக்கிட்டு, சூடு பட்டதுபோல் கையை விட்டார். என் கை தானாக எழுந்தது. மூன்று முடிச்சையும் நானே போட்டேன். நாத்தனார் முடிச்சு போடக் காத்திருந்த என் தங்கைக்கு இன்றுவரை அதில் கோபம்.

சார் கூப்பிட்டது என் கையின் பின்பக்கத் தசையை என்று பந்தியில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஆள் சபையில் 'டேய்' போட்டார் என்ற வருத்தம் மச்சானுக்குப் போகவேயில்லை. பிறகு முதுகு பிடித்துக்கொண்டபோது அவரும் அதே மாடிப்படி ஏறினார். சதை என்று சொல்லித் திட்டும் வாங்கினார்.

போன தை மாதம் சார் அறையைக் காலி செய்துவிட்டு சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் கிளம்பினார். திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். இறுக்கிப் பிடித்தேன்.

"பிடி நல்லாருக்கு. இப்ப விடுங்க பாப்போம்."

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். விடுவதற்கும் தெம்பு வேண்டும் என்பாரே. அன்றைக்கு என்னிடம் அது இல்லை.