புதுசான கம்ப்யூட்டரும் டால்ஃபின் போடாத மெஷினும்

கம்ப்யூட்டர் உலகின் கலங்கரை விளக்கமும், என் அக்காவின் வாழ்நாள் சாதனையும், மாமன் கூப்பிட்டால் மட்டும் போனை எடுக்காத புண்ணியவானுமாகிய அருமை மருமகனுக்கு,

உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. நீ நலமாகத்தான் இருப்பாய். உனக்கென்ன, உன் கம்ப்யூட்டர் நேற்று இருந்த மாதிரியே இன்றும் இருக்கிறது. இங்கே நானும் நலமில்லை, எம்பிராய்டரி மெஷினும் நலமில்லை.

உன் அத்தை நூல் வாங்கவும், அப்படியே தன் தங்கையைப் பார்க்கவும் போயிருக்கிறாள். நாளைக் காலை வந்துவிடுவாள். வந்ததும் வராததுமாக நீச்சல் கிளப்புக்காரர்களின் துவாலைகளில் டால்ஃபின் போட உட்காருவாள். அவள் கைக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் இது. துவாலைகள் ஹாலில் மலையாகக் குவிந்திருக்கின்றன. சோபாவுக்குப் போவதற்கே மலையேறும் பயிற்சி வேண்டும். அந்த டால்ஃபினை அவள்தான் கம்ப்யூட்டரில் வரைந்தாள். மூக்கு சரியில்லை, வால் சரியில்லை, சிரிப்பில் உண்மை இல்லை என்று மாதக்கணக்காகத் திருத்தினாள். கம்ப்யூட்டரிலிருந்து ஒயர் வழியாக மெஷினுக்குப் போய், மெஷினிலிருந்து துவாலையில் குதிக்கும். நேற்றுவரை குதித்தது. இப்போது குதிக்கவில்லை. காரணம் நான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன் பார். இனி சுற்றி வளைக்கிறேன்.

கொஞ்ச நாளாகவே ஸ்கிரீனில் ஓர் அறிவிப்பு. உங்கள் சிஸ்டம் பழசாகிவிட்டது, இனி எந்த உதவியும் கிடைக்காது என்று. நான் ரிட்டையர் ஆனபோது என் மேனேஜர்கூட இவ்வளவு முகத்திலடித்த மாதிரி சொன்னதில்லை. அதிசயமாக நீ போனை எடுத்த ஒரு நாளில் உன்னிடம் கேட்டேன். "மாமா, எதையும் தொடாதீங்க. ஞாயித்துக்கிழமை நான் வந்து பாத்துக்கிறேன். கை அரிச்சா பேக்கப் மட்டும் எடுத்து வைங்க" என்றாய். கை அரித்தது. ஸ்கிரீனில் இருந்த சின்னச் சின்னப் படங்களை ஒன்று விடாமல் பென் டிரைவுக்குள் இழுத்துப் போட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது! உன் அத்தையின் டால்ஃபின், உன் கல்யாண வீடியோ, என் அரைகுறைச் சுயசரிதை எல்லாம் சுண்டுவிரல் நுனிக்குள் அடங்கி, எங்கள் தெருவையே குடிவைக்கிற அளவுக்கு இடம் மிச்சம் என்று காட்டியது. இவ்வளவு சுலபமான வேலைக்கா இவனுக்கு அவ்வளவு சம்பளம் என்று உன்னைப் பற்றி நினைத்ததை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்தத் தெம்பில் அப்டேட் பட்டனையும் அமுக்கினேன்.

அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல! சதவீதம் ஒன்று ஆமைக்கே கொட்டாவி வரும் வேகத்தில் ஏறியது. 'கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்' என்று உத்தரவு போட்டதால் சுவிட்சுக்கு முன்னால் எல்லைக் காவல் வீரனைப் போல நின்றேன். கரண்ட் பற்றாமல் போய்விடுமோ என்று ஃபேனை நிறுத்தினேன், ஃபிரிட்ஜை நிறுத்தினேன், காலிங்பெல் அடித்தவரையும் கையைக் காட்டி நிறுத்தினேன். திடீரென்று ஸ்கிரீன் இருண்டது. போய்விட்டது என்று தலையில் அடித்துக்கொண்டேன். உயிர் வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. கடைசியில் 'எல்லாம் தயாராகிக்கொண்டிருக்கிறது' என்றது. யார், எதை, யாருக்காகத் தயார் செய்கிறார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. திறந்து பார்த்தால், காலங்காலமாக இடது மூலையில் இருந்த பட்டன் நடுவில் வந்து நிற்கிறது! வாசற்கதவைக் கழற்றி ஹாலுக்கு நடுவே வைத்துவிட்டுப் போன மாதிரி. அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. நேற்றுவரை ஒரே ஒயரில் குடும்பம் நடத்தியவர்கள்! 'இந்தச் சாதனத்தை அடையாளம் தெரியவில்லை' என்கிறது. டால்ஃபினைத் திறக்கிற சாஃப்ட்வேரையே காணோம். சரி, பென் டிரைவ் இருக்கிறதே என்று மார்தட்டிச் செருகினேன். எல்லாப் படங்களும் இருந்தன. எதைத் தட்டினாலும் எதுவும் திறக்கவில்லை. அப்புறம்தான் விளங்கியது. நான் எடுத்து வைத்தது கடைகளை அல்ல, கடைகளின் பெயர்ப்பலகைகளை.

பயத்தில் மாடி வீட்டு லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவருக்கும் ஒரே குழப்பம்.

"சார், கதவு சரியா மூடலைன்னா லிஃப்டே நகராது. இதுக்குக் கதவு எங்க?" என்று பெட்டியின் பக்கவாட்டில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

"தம்பி, மெதுவா!"

"அப்ப ஓவர்லோடுதான். வெயிட்டக் கொஞ்சம் கொறைங்க."

இருவரும் துவாலை மலையைப் பெயர்த்து வராந்தாவுக்குக் கொண்டுபோனோம். மாப்ளே, அப்போது எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த நேரம் பார்த்து உன் அத்தை போன் செய்தாள்.

"என்னங்க, மெஷின மூடி வச்சீங்களா?"

"வச்சேன், வச்சேன்."

"கம்ப்யூட்டரத் தொடலைல்ல?"

"சேச்சே! நான் எதுக்கு அதப் போயி..."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"தொண்டை."

"வெந்நீர் குடிங்க. கம்ப்யூட்டர் பக்கம் போகாதீங்க."

ஆகையால் மருமகனே, கடிதம் கண்டதும் கிளம்பு. வந்து சரிசெய். முடியாவிட்டால், "நான்தான் மாமாவச் செய்யச் சொன்னேன்" என்றாவது சொல். உன்னை அவள் திட்டமாட்டாள், இன்னொரு கரண்டி சோறுதான் போடுவாள். எனக்குத்தான் அந்தக் கரண்டியே வேறு விதமாக வரும். இதை மெக்கானிக் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் ஆபீஸ் லிஃப்ட் அவர் பொறுப்பில்தான் இருக்கிறதாம். நீ சம்மதிக்கும்வரை இரண்டு மாடிகளுக்கு நடுவில் உன்னை நிறுத்திவைக்க அன்போடு ஒத்துக்கொண்டிருக்கிறார்.

என் அக்காவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. நீ பல்லாண்டு வாழ வாழ்த்துகிறேன். நாளைக்குப் பிறகு வாழ்த்த நான் இருப்பேனோ என்னவோ, மொத்தமாக இப்போதே வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
அப்டேட் ஆன வீட்டில் பழைய வெர்ஷனாக நிற்கும்
உன் மாமன்

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் உன் அத்தையே வந்துவிட்டாள். என் தொண்டையின் மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லையாம். இதை எழுதும்போதே பக்கத்து அறையில் மெஷின் கடகடவென்று ஓடுகிறது. நாலாவது டால்ஃபின் குதித்துக்கொண்டிருக்கிறது. நடந்தது இதுதான். ஸ்கிரீனைப் பார்த்தாள், வராந்தாவைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. எங்கெங்கோ தட்டினாள். 'பழைய சிஸ்டத்துக்குத் திரும்பிப் போக' என்று ஒரு பட்டன் அந்தப் புதுசுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறதடா! அமுக்கினாள். அது லேசில் விடவில்லை. ஏன் திரும்பிப் போகிறீர்கள் என்று காரணம் கேட்டது. வேகம் போதவில்லையா, பயன்படுத்தக் கஷ்டமா என்று வரிசையாக அடுக்கியது. உன் அத்தை 'வேறு காரணம்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். விளக்கமாக எழுதுங்கள் என்று ஒரு கட்டம் வந்தது. அதில் 'என் வீட்டுக்காரர்' என்று தட்டினாள். அதற்குமேல் அது ஒரு கேள்வியும் கேட்கவில்லை, மாப்ளே. உடனே கிளம்பிவிட்டது.