நான் கவுன்சிலராக இருந்த ஒரு மதியம்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ரேஷன் கார்டைக் கேட்டால் அறுபத்தொன்பது என்று சொல்லும். அதற்கு என்மேல் அவ்வளவு பிரியம். பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. (என் தங்கை போய்ச் சேர்ந்த பிறகு அவளுடைய இரண்டும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டன. வந்ததை எண்ணிப் பாத்தா சோறு போடுவாங்க?) கல்யாண மண்டபங்களில் காய் நறுக்கியே ஐந்தையும் கரையேற்றினேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டால் என்மேல் இருக்கும் மரியாதை கொஞ்சம் இறங்கும். இறங்குவதற்கு முதலில் ஏற வேண்டுமே.

பகலில் படுக்காதவள் என்று எனக்குத் தெருவெல்லாம் பேர். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு தடவை பகலில் தூங்கினேன். எழுந்து பார்த்தபோது அரசியலில் இருந்தேன்.

நாங்கள் இருப்பது மயிலாப்பூரில், கால்வாய் ஓரத்துத் தெரு. தெரு நடுவில் ஒரு அடிபம்பு. அந்த வருஷம் பொங்கலோடு அதன் மூச்சு நின்றுவிட்டது. கைப்பிடியை அமுக்கினால் "ஹூம்" என்று மாமியார் மாதிரி ஒரு சத்தம் வரும், தண்ணீர் வராது. மெயின் ரோட்டைத் தாண்டி அடுத்த தெருவுக்குக் குடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எதிர்வீட்டு மேரிக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பாரம் தூக்கக் கூடாது. அதனால் அவள் வீட்டுக் குடத்தையும் நானே சுமந்தேன். "நான் இருக்கும்போது நீ எதுக்குக் கவலைப்படறே?" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியாகிவிட்டது. சித்திரை வந்தபோது என் இடுப்பு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. ஆனாலும் முடியவில்லை என்கிற வார்த்தை என் வாயில் வராது. பிறவிக் குணம். ஆகவே பம்பு ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் நான் விழுந்துவிடுவேன். விஷயம் இவ்வளவுதான்.

அப்போதுதான் ஏகாம்பரம் வந்தான். கட்சியின் வட்டச் செயலாளர். மூக்கு ஒழுக ஓடிய நாளிலிருந்து எனக்குத் தெரியும்.

"ஆயா, ஞாயித்துக்கெயம நம்ம நீர்மோர்ப் பந்தல் தொறக்கறோம். கவுன்சிலரம்மா வர்றாங்க. மோரு நீதான் போடணும்."

"ஏன், உன் கட்சில ஆளே இல்லியா?"

"ஆளு கீது ஆயா. அவங்க போட்டா அது மோரு இல்ல, மோரு சட்டி களுவுன தண்ணி."

இந்த மாதிரி உண்மை பேசினால் நான் மயங்கிவிடுவேன். சும்மாவே செய்து தருகிறேன் என்றேன். ஒரே நிபந்தனை: முதல் தம்ளரைக் கவுன்சிலர் கையில் நான்தான் கொடுப்பேன். கொடுக்கிற அந்த நேரத்தில் பம்பு விஷயத்தை அவர் காதில் போட்டுவிடுவது என்று திட்டம்.

மேரியைக் கவுன்சிலராக உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். "அம்மா, எங்க தெரு பம்பு பொங்கல்லேர்ந்து ஓடல. ஆள அனுப்பி வைங்க."

"ஆயா, கெஞ்சற மாரி இல்ல. கந்து வசூல் பண்ற மாரி கீது" என்றாள் மேரி. "கொஞ்சம் சிரி."

சிரித்துக் காட்டினேன்.

"வேணாம், சிரிக்காதே. மோரத் தட்டி உட்டுட்டு ஓடிடுவாங்க."

ஞாயிறு வந்தது. விடிவதற்கு முன்பே எழுந்து தயிரைக் கடைந்தேன். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, பெருங்காயம். எலுமிச்சம்பழத்தை மட்டும் கடைசியில் பிழிய வேண்டும். முதலிலேயே பிழிந்தால் கசந்துவிடும். புதுப் பானைகளில் ஊற்றி, ஈரத்துணி சுற்றி, ஆற்றுமணல் பரப்பி வைத்தோம். பக்கத்து மேஜையில் தர்ப்பூசணிக் கீற்றும் வெள்ளரிப்பிஞ்சும் குவிந்திருந்தன. நடுவில் ஒரே ஒரு நாற்காலிக்கு மட்டும் வெள்ளைத் துண்டு போர்த்தியிருந்தது. நம் ஊரில் துண்டு போர்த்திய நாற்காலி என்றால் அதில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன கவுன்சிலர் பன்னிரண்டுக்கும் வரவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் தாகத்தோடு நின்றார்கள். திறப்பதற்கு முன் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது என்று ஏகாம்பரம் உத்தரவு. நான் கரண்டியோடு காவல் நின்றேன். ஒரு மணிக்கு எல்லோரும் எதிர்ச்சாரி நிழலுக்குப் போய்விட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளும் அவர்களோடு போய்விட்டன. ஏகாம்பரம் பட்டாசோடு மெயின் ரோட்டுக்குப் போனான். பந்தலில் நானும் மோர்ப் பானைகளும் அந்தத் துண்டு நாற்காலியும்தான் மிச்சம்.

என் இடுப்பு அந்த நாற்காலியைப் பார்த்தது. (நான் பாக்கல. இடுப்புதான் பாத்துச்சு.) வருகிற வரைக்கும் தூசி படாமல் பார்த்துக்கொள்ளலாமே என்று உட்கார்ந்தேன்.

பந்தலுக்கு மேலே பச்சைத் துணி. அதன் வழியாக இறங்கிய வெயில் வெயிலாகவே இல்லை. குளத்துக்கு அடியில் உட்கார்ந்து மேலே பார்க்கிற மாதிரி இருந்தது. பானைகளிலிருந்து தண்ணீர் சொட்டி மணலில் காணாமல் போய்க்கொண்டிருந்தது. மைக் செட் வண்டு மாதிரி ரீங்கரித்தது. சாந்தோம் பக்கமிருந்து கடல் காற்று எழும்பி, ஒவ்வொரு வீட்டுக் கொடியிலும் துணியைத் தொட்டுத் தொட்டு, கடைசியில் என் நெற்றிக்கு வந்தது. வெள்ளரிக்காய் வாசனை. யாரோ என் இமைமேல் மெல்ல விரல் வைத்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான் ஞாபகம்.

எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். தெளிந்த தண்ணீர்; கீழே கிடக்கிற சோழிகூடத் தெரிகிறது. ஆரஞ்சு, நீலம், பச்சை என்று குடங்கள் நிரம்பி, தூக்க ஆளில்லாமல் தானாகவே மிதந்து, அதது அதன் வீட்டு வாசலில் போய் நிற்கிறது. மேரி ஒரு பெரிய அண்டாவுக்குள் உட்கார்ந்து படகில் போகிற மாதிரி போகிறாள். வயிற்றில் கை இல்லை, தலையில் பூ இருக்கிறது. நான் தண்ணி லாரிமேல் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து எல்லோருக்கும் கையாட்டுகிறேன். நான்தான் கவுன்சிலர். அதில் எனக்குக் கொஞ்சமும் ஆச்சரியம் இல்லை.

அதே நேரத்தில் பந்தலில் நடந்ததை மேரி சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன். கவுன்சிலர் ரெண்டு மணிக்கு வந்தார். இன்னும் மூன்று பந்தல் திறக்க வேண்டும் என்று ஒரே ஓட்டம். மந்தைவெளியிலிருந்து கட்சியின் மூத்த அம்மா ஒருவர் வருவதாகவும், அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்றும் கவுன்சிலருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த அம்மாவோ முட்டி வலி என்று வரவேயில்லை. கவுன்சிலர் நேரே பந்தலுக்குள் நுழைந்தார், துண்டு நாற்காலியில் வயதான ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், போர்த்திவிட்டார். நான் தலையை ஆட்டி ஆசீர்வாதம் பண்ணினேனாம். (தூங்கி வியற தல ஆடாம இன்னா பண்ணும்?) பின்னால் ஓடி வந்த ஏகாம்பரத்துக்கு மூச்சு வாங்கியது. போர்த்திய பொன்னாடையைப் பிடுங்கவா முடியும்? மைக்கைப் பிடித்து, "நம் கட்சிக்காகச் சிறை சென்ற வீரத்தாய்!" என்று எழுதி வைத்திருந்ததை அப்படியே முழங்கிவிட்டான். நான் ஜெயிலுக்குப் போன விஷயம் எதிர்ச்சாரியில் இருந்த என் மருமகளுக்கு அப்போதுதான் தெரிந்ததாம்.

"அம்மா ரெண்டு வார்த்த பேசுவாங்க" என்று மைக்கை என் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினான்.

என் கனவில் அப்போது என் வீட்டுக்காரர் வந்திருந்தார். செத்துப் பல வருஷம் ஆனவர். லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, உயிரோடு இருந்த காலத்தில் தினமும் பாயில் படுத்தபடி கேட்பதையே கேட்டார்: "இன்னா நாகு, தண்ணி வந்துச்சா?" (ஒரு நாளும் ஒரு குடம் தூக்கியதில்லை. கேள்வி மட்டும் தவறாது.) கண்ணை லேசாகத் திறந்தேன். கறுப்பாகப் பளபளவென்று எதிரே ஏதோ தெரிந்தது. கத்தரிக்காய் என்று நினைத்தேன். அவருக்குப் பதில் சொன்னேன்.

"நாளைக்குக் காலைல தண்ணி வரும். வூட்டு வாசலுக்கே வரும். நான் சொல்றேன் இல்ல? லுங்கிய எறக்கி உட்டுட்டுப் போய்ப் படு."

நாலு ஸ்பீக்கர். கால்வாய்க்கு அந்தக் கரையில் தூங்கிக்கொண்டிருந்த நாய்கூட எழுந்து உட்கார்ந்ததாம். ஏகாம்பரம் மடித்துக் கட்டியிருந்த வேட்டியைச் சட்டென்று இறக்கிவிட்டான். பிறகு கைத்தட்டல் எழுந்தது. அதில்தான் எனக்கு முழிப்பு வந்தது. சரிகைப் பொன்னாடை கழுத்தை அரித்தது. கவுன்சிலர் மைக்கை வாங்கி, "அம்மா வாக்கு என் வாக்கு!" என்றார், என் காலைத் தொட்டார், காரில் ஏறினார். நான் தம்ளரைத் தேடி எடுப்பதற்குள் கார் போய்விட்டது. கயிறு அறுந்தது. மோர், தர்ப்பூசணி, வெள்ளரி எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் காலி. நான் எழுந்ததும் நாற்காலித் துண்டையும் யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் காலை கதவைத் திறந்தேன். என் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் காலிக் குடங்கள் வரிசையாக நின்றன.

"ஆயா, வாசலுக்கே வரும்னு சொன்னே?"

"ஜெயிலுக்குப் போன ஆயா பொய் சொல்லாது, நில்லு."

தூங்கிவிட்டேன் என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பகலில் தூங்காதவள் என்கிற பேர் என்ன ஆவது? "ஆபீசர் வந்துக்கினு கீறாரு" என்றேன். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியம்தான். அதற்கடுத்த நாள் தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் வந்தார். குப்பைத்தொட்டி, முதியோர் பென்ஷன், பக்கத்து வீட்டுச் சேவல் சீக்கிரமே கூவுகிறது என்று எல்லாம் என் வாசலுக்கு வந்தன. எல்லோருக்கும் "பாக்கறேன்" என்று சொன்னேன். எனக்கே அது பிடித்துப் போயிருக்கும். ஆனால் மூன்றாம் நாள் காலையில் ஜன்னல் வழியாக மேரியைப் பார்த்தேன். என்னைக் கேட்கச் சங்கடப்பட்டு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் சின்ன வாளியோடு மெயின் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

பொன்னாடையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். "வாங்கடீ" என்றேன். காலிக் குடங்களோடு தெருவே பின்னால் வந்தது. மேரியும் வந்தாள். கவுன்சிலர் ஆபீஸில் என்னைப் பார்த்ததும் அந்த அம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்கம்மா, முட்டி வலி எப்படி இருக்கு? மந்தைவெளிலேர்ந்து இவ்ளோ தூரம்..."

அப்படியே விட்டிருக்கலாம். மூத்த அம்மாவாகவே உட்கார்ந்து காபி குடித்திருக்கலாம். ஆனால் அந்த அம்மாவுக்குத் தருகிற பம்பு மந்தைவெளிக்குத்தானே போகும்? தெருவே பின்னால் நிற்கிறது. பொன்னாடையைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

"நான் மந்தவெளி இல்லம்மா. ஜெயிலுக்கும் போவல. நான் மோர் போட்ட ஆயா. ஒக்காந்த எடத்துல தூங்கிட்டேன். தண்ணி வரும்னு சொன்னது எம் புருசன் கிட்ட, கனவுல."

பின்னால் ஒரு குடம் கீழே விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

"அது தூக்கத்துல சொன்னது" என்றேன். "இப்ப முழிச்சுக்கினு கேக்கறேன். எங்க தெரு பம்பு பொங்கல்லேர்ந்து ஓடல. என்னால முடியல. ஆள அனுப்பி வைங்க."

முடியல என்று சொல்லிவிட்டேன் என்பது சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. மேரி என் முழங்கையைப் பிடித்தாள்.

கவுன்சிலருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "அப்ப லுங்கி?" என்றார். "அதுவும் அவருக்குத்தான்" என்றேன். மறுபடியும் சிரித்துவிட்டு, சிரிப்போடு சிரிப்பாகவே போனை எடுத்தார்.

மறுநாள் சாயந்திரம் நீளக் குழாய்களோடு இரண்டு பேர் வந்தார்கள். பம்பைப் பிரித்து, துருப்பிடித்த கம்பியை உருவிப் போட்டு, புதுத் தோல் வாஷர் மாற்றிப் பூட்டினார்கள். என்னைத்தான் முதலில் அடிக்கச் சொன்னார்கள். முதலில் காற்று வந்தது. பிறகு எங்கேயோ கீழே, வெகு ஆழத்தில், யாரோ தொண்டையைக் கனைக்கிற சத்தம். செம்மண் நிறத்தில் ஒரு வாய். இன்னொரு வாய். அப்புறம் தெளிந்தது. சாயந்திர வெயில் பட்டுப் பொன்னாக, சத்தமில்லாமல் குடத்துக்குள் இறங்கியது. குடம் நிரம்பி வழிந்து என் கால் விரல்களுக்கு இடையே ஓடியது. அப்போதும் நான் அடித்துக்கொண்டே இருந்தேன். மேரிதான், "போதும் ஆயா" என்றாள்.

பகலில் தூங்காதவள் என்கிற பேர் போனது போனதுதான். எங்கள் வீட்டில் யாராவது எதையாவது வாக்குக் கொடுத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குப் போகலாம் என்று என் மகன் சொன்னால் மருமகள் கேட்பாள்: "முழிச்சுக்கினுதான் சொல்றியா?" பேத்தியைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தபோதுகூட யாரோ கேட்டுவிட்டார்கள். அது தெருவுக்கும் பரவிவிட்டது. போன தேர்தலில் ஒரு வேட்பாளர் திறந்த ஜீப்பில் நின்றுகொண்டு, கால்வாயைத் தூர்வாரிப் படகு விடுவேன் என்றார். பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணே, முழிச்சுக்கினா சொல்றே?" தெருவே சிரித்தது. அவர் எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். குரல் மேரியுடையது.

பேத்திப் பொண்ணே பவித்ரா, ஆயா சொன்னதெல்லாம் எழுதிட்டியா? எங்க, படி பாக்கலாம். உன் பெரியம்மா பேரு, அதான் எம் மருமவ பேரு, எங்கியும் வராம பாத்துக்கோ, கோச்சுக்குவா. நிதானமா படி கண்ணு. பம்புல தண்ணி வந்த எடம் மட்டும் ரெண்டு வாட்டி படி.