நிலவரம் சாரும் பந்தை விடாத வலையும்

தோற்பது ஒரு கலை என்றால், அதற்குக் காஞ்சிபுரத்தில் குருகுலமே நடத்தியவர் எங்கள் கல்லூரி பி.டி. சார். இருபது வருஷத்துக்கு மேல் அவர் கண்ணும் கருத்துமாக வளர்த்த ஆண்கள் பாஸ்கெட்பால் டீம், இறங்கி ஆடிய எந்த ஆட்டத்திலும் ஜெயித்ததில்லை. ஆனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் அவர் நோட்டீஸ் போர்டில் ஒட்டும் நாலு பக்கக் கட்டுரையைப் படித்தால், வரப்போகிற கோப்பைகளை வைக்கக் கல்லூரியில் அலமாரி போதுமா என்று நமக்கே கவலை வந்துவிடும்.

கட்டுரைக்குத் தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: ‘இந்த ஆண்டு நமது அணியின் நிலவரம்’. அதனால் அவருக்கும் நிலவரம் சார் என்றே பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது.

முதல் இரண்டு பக்கம் வரலாறு. அது பல்லவர் காலத்தில் தொடங்கும். தேர் இழுத்த தோள்கள், குடை பிடித்த கைகள் என்று மெல்ல இறங்கி வந்து, எங்கள் அணியின் பொற்காலத்தில் நிற்கும். பொற்காலம் என்பது ஒரே ஒரு சனிக்கிழமை. எதிரணி வந்த வேன் வாலாஜாபாத் அருகே பழுதாகி நின்றுவிட்டது. ஆள் வராததால் நம் அணி வென்றதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதைத்தான் சார், ‘எதிரணியினர் நமது மண்ணை மிதிக்கவே துணியவில்லை’ என்று எழுதி வைத்திருந்தார்.

மூன்றாம் பக்கத்தில் வீரர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு வரி. பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறவனுக்கு ‘உள்ளுணர்வால் ஆடுபவர்’. ஓடவே முடியாத குண்டனுக்கு ‘நிலைகொண்ட ஆட்டக்காரர்’. மூன்று வருஷமும் மாற்று ஆட்டக்காரனாகப் பெஞ்சைத் தேய்த்த எனக்கு, ‘அசைக்க முடியாத பெஞ்சு பலம்’. அந்த வரிக்குப் பிறகு என்னை எல்லாரும் பெஞ்சு என்றே கூப்பிட்டார்கள். நாலாம் பக்கத்தின் கடைசி வரி மட்டும் எந்த வருஷமும் மாறாது: ‘இவ்வாண்டு இல்லையேல் அடுத்த ஆண்டு உறுதி.’

ஆள் எடுக்கிற விதம் தனி. அட்மிஷன் நாளன்று கல்லூரி வாசல் தூணில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். எவன் தலை கோட்டைத் தாண்டுகிறதோ, அவன் டீமில் இருக்கிறான்.

“பாஸ்கெட்பால் ஆடியிருக்கியாபா?”

“இல்ல சார்.”

“ரொம்ப நல்லது. கெட்ட பழக்கம் எதுவும் இருக்காது.”

பி.காம். சேர வந்த நான், ஃபீஸ் கட்டுவதற்கு முன்னாலேயே ஜெர்சி வாங்கியது அப்படித்தான்.

இவ்வளவு கேலி செய்கிறேனே, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மைதானத்தின் வெள்ளைக் கோடுகளை வருஷா வருஷம் அவரே முட்டி போட்டு பெயின்ட் அடிப்பார். உதவிக்குப் போனால் பிரஷ்ஷைத் தரமாட்டார். காயும்வரை பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு நாய் விரட்டுவார். அவருக்கு வேறு பொழுதுபோக்கு இருந்ததாக யாரும் பார்த்ததில்லை.

நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது வந்தது வினை. அட்டெண்டன்ஸ் குறைவுக்குக் கையெழுத்து வாங்க முதல்வர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே நிலவரம் சார். எங்கள் முதல்வர் கெமிஸ்ட்ரி மேடம். எதையும் சொட்டு சொட்டாக அளந்து பேசுகிறவர்.

“சார், ஸ்டாஃப் வண்டிங்க எல்லாம் வெயில்ல காயுது. உங்க கிரவுண்டுல ஷெட் போடலாம்னு கமிட்டியில முடிவாயிடுச்சு. அளவெடுக்க மேஸ்திரி இந்த மாசமே வராரு.”

“மேடம், இந்த வருஷம் டீம் ரொம்ப நல்லா இருக்குது. நிலவரம் படிச்சிருப்பீங்க.”

“படிச்சேன். பல்லவர் வரைக்கும் படிச்சேன்.”

சார் இடத்தை விட்டு நகரவில்லை. பிறகு மேடமே மனம் இரங்கினார். “சரி. மண்டலப் போட்டி முதல் ஆட்டம் நம்ம கிரவுண்டுலதானே? அதுல ஜெயிங்க, ஷெட்டை வேற எடத்துல போடச் சொல்றேன். ஆனா ஆடி ஜெயிக்கணும் சார். வேன் நின்னுபோறதெல்லாம் வெற்றி இல்ல.”

வெளியே வந்த சாரின் முகத்தைப் பார்த்தேன். வழக்கமாக உலகக் கோப்பைக்குப் புறப்படுகிறவர் மாதிரி இருப்பவர், அன்று பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி இருந்தார். “பெஞ்சு, ஒரு மேட்ச் ஜெயிக்கறது கஷ்டமாபா?” என்று கேட்டார். இருபது வருஷ அனுபவசாலி என்னிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஜெயிப்பது இருக்கட்டும், எங்கள் வளையங்களில் வலையே கிடையாது. என்றைக்கோ இற்று விழுந்துவிட்டது. வலை இல்லாவிட்டால் போட்டி வேறு ஊருக்கு மாறிவிடும் என்று கடிதம் வந்தது. ஆபீசில் கேட்டால் கொட்டேஷன் மூன்று வேண்டும் என்றார்கள். அப்போதுதான் எங்கள் டீமில் கொஞ்சமாவது ஆடத் தெரிந்த ஒரே ஆளான பாபு, “எங்கப்பா பின்னித் தருவாரு சார்” என்றான். பாபுவின் அப்பா பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருப்பவர். கை சுத்தமான நெசவு என்று பெரிய கடைக்காரர்களே தேடி வரும் மனிதர். பாவில் மிஞ்சிய பட்டு நூலை முறுக்கி, பத்து நாளில் இரண்டு வலை முடித்துவிட்டார்.

போட்டி சனிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு. பாபு அப்பா எட்டு மணிக்கே தேங்காய், பழம், சூடத்தோடு வந்தார். ஒன்பது மணிக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் கட்டிவிட வேண்டுமாம். நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள, சார் மேலே ஏறினார். ஷெட்டுக்கு அளவெடுக்க வந்திருந்த மேஸ்திரியிடமே ரசமட்டத்தைக் கடன் வாங்கி இரண்டு வளையங்களையும் மட்டம் பார்த்தார். பாபு அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவரும் ஏறி, வளையத்துக்குக் குறுக்கே பட்டு நூலை இழுத்துப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

“ஒரு இழை கூட சாயல சார். சுத்தமா கீது.”

“அப்ப தோத்தா வளையத்தைக் குறை சொல்ல முடியாது” என்று சார் சிரித்தார்.

வலை இரண்டும் கட்டியாயிற்று. ஒன்று அரக்கு, ஒன்று மாம்பழ மஞ்சள். அடியில் விரற்கடை அகலம் ஜரிகைக் கரை. அந்த மாதிரி ஒரு வலை எந்த ஊர் மைதானத்திலும் தொங்கியிருக்காது. பாபு ஒரு பந்து போட்டுப் பார்க்கலாம் என்று கையைத் தூக்கினான். அவன் அப்பா தடுத்துவிட்டார். “சாமிக்குப் படைக்கறதுக்கு மின்னாடி ருசி பாப்பியாடா?”

எதிரணி வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி. ஆளுக்கொரு குதிரை. விசில் ஊதிய அரை நிமிஷத்தில் ஒருவன் பாய்ந்து பந்தைக் கூடையில் போட்டான். பந்து உள்ளே போயிற்று. போனது போனதுதான். கீழே வரவில்லை. பத்துப் பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அரக்கு வலைக்குள் பந்து, தொட்டிலில் குழந்தை மாதிரி சுகமாக உட்கார்ந்திருந்தது.

நடுவர், “யார் இதைப் பின்னினது?” என்றார்.

“நான்தான்” என்று பாபு அப்பா பெருமையாக முன்னால் வந்தார்.

“பந்து வெளிய வரலையே!”

“பந்து உள்ள போவணும்னுதான் சொன்னாங்க. போயிடுச்சு. வெளிய வரணும்னு யாரு சொன்னது? அடியில தளர வுட்டா நாளைக்கு நாலு பேர் பாத்துட்டு, இவன் கையி தளந்துபோச்சுன்னு சொல்லமாட்டானா?”

கூடைக்குள் தங்கினாலும் புள்ளி உண்டு என்பது விதி. ஆகவே புள்ளியைக் கொடுத்துவிட்டு நடுவர் கத்தரிக்கோல் கேட்டார். பாபு அப்பாவின் முகம் மாறிவிட்டது. “ராகு காலத்துல கத்தரி வைக்கறீங்களா? தறியிலேர்ந்து பொடவை அறுக்கறதுக்கே நேரம் பாக்கறவங்க நாங்க. பத்தரை வரைக்கும் பொறுங்க. இல்ல, அறுத்தே தீரணும்னா அறுங்க. தோஷம் அறுத்தவங்களுக்குத்தான்.”

நடுவர் மணிக்கட்டில் மூன்று கோயில் கயிறு கட்டியிருந்தார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். “இன்னா சார் இது, மேட்ச்சா, கிரகப்பிரவேசமா?” என்று வேலூர்க் கோச் கத்தியது எடுபடவில்லை. பத்தரை வரை ஒவ்வொரு கூடைக்கும் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்துவது, வாட்ச்மேன் மூங்கில் கம்பால் பந்தைக் கீழிருந்து குத்தித் தள்ளுவது என்று தீர்ப்பாயிற்று. பட்டில் இழை எழும்பிவிடும் என்று கம்பு முனையில் துண்டு சுற்றச் சொன்னார் பாபு அப்பா. கம்பு ஒன்று, கூடை இரண்டு. அன்று மைதானத்தில் அதிகம் ஓடியவர் வாட்ச்மேன்தான்.

இதில் ஒரு அதிசயம் நடந்தது. வேலூர்க் குதிரைகளுக்கு ஓடினால்தான் ஆட்டம். நிறுத்தி நிறுத்தி ஓடச் சொன்னால் உடம்பு ஆறி, கை மரத்து, கண்ட இடத்தில் எறிந்தார்கள். எங்களுக்கோ ஒவ்வொரு கூடைக்கும் ஒரு இளைப்பாறல். நிலைகொண்ட ஆட்டக்காரன் நின்றபடியே மூன்று கூடை போட்டான். கடைசி இரண்டு நிமிஷம் இருக்கும்போது நாங்கள் நாலு புள்ளி முன்னால் இருந்தோம். முதல்வர் மேடம் அறையை விட்டு வெளியே வந்து வராந்தாவில் நின்றார். நிலவரம் சார் வாயில் விசிலை வைத்துக்கொண்டு ஊதவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

அப்போது மணி பத்தரை.

பாபு அப்பா தாமாகவே ஏணியில் ஏறினார். சொன்ன சொல் சொல்தான். கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு இரண்டு வலைக்கும் அடிக்கரையை அறுத்துவிட்டார். இறங்கியதும் யாரையும் பார்க்காமல் சுவர்ப் பக்கம் போய் நின்றுகொண்டார். மகனின் டீம் ஜெயித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாமல் இல்லை.

அதற்குப் பிறகு பந்து மழைத் தண்ணீர் மாதிரி இறங்கியது. குதிரைகளுக்குக் கால் வந்துவிட்டது. ஒன்றரை நிமிஷத்தில் அவர்கள் ஒரு புள்ளி முன்னால். பாபு ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியே வந்தான். உள்ளுணர்வுக்காரனுக்குக் கெண்டைக்காலில் பிடிப்பு, ஏற்கெனவே படுத்துவிட்டான்.

“பெஞ்சு, எழுந்திருபா” என்றார் சார்.

உட்கார்ந்தே பழகிய எனக்கு எழுந்ததே பெரிய சாதனை. உள்ளே போய் ஒரு ஓரமாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் நின்றேன். கடைசிச் சில விநாடிகளில் பந்து எப்படியோ என் கைக்கு வந்தது. என் எதிரில் யாருமே இல்லை. என்னை எவனும் ஒரு ஆளாக மதித்துத் தடுக்க வரவில்லை. எறிந்தேன். பந்து மஞ்சள் வலைக்கு மேலே வளையத்தில் மூன்று சுற்று சுற்றியது. சுற்றிவிட்டு வெளிப்பக்கம் விழுந்தது.

விசில்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சார் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பந்தை எடுத்துத் துடைத்தார். “நல்லா சுத்துச்சுபா” என்றார். அப்புறம் வளையத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை மேஸ்திரி சிமென்ட் மூட்டையோடு வந்துவிட்டார்.

ஷெட் எழுந்தது. மேஸ்திரிக்கு நாலு நாள் டீ வாங்கிக் கொடுத்து, ஒரு பக்கத்துக் கூடைக் கம்பத்தை மட்டும் ஷெட்டுக்குத் தூணாக வைத்துக்கொள்ளச் சம்மதிக்க வைத்துவிட்டார் சார். இன்றைக்கும் அந்தத் தகரக் கூரையின் முன்னால் ஒரு கூடை நீட்டிக்கொண்டிருக்கிறது. நாலு மணிக்கு ஸ்டாஃப் ஸ்கூட்டரை எல்லாம் எடுத்துக்கொண்டு போனதும் பையன்கள் அரை மைதானத்தில் ஆடுகிறார்கள். வழக்கம்போல் தோற்கிறார்கள்.

அடுத்த ஜூனில் நிலவரம் ஒட்டப்பட்டது. நான் படித்து முடித்து வெளியேறிவிட்டேன். என்னால்தானே மைதானம் போயிற்று, இருபது வருஷமாகப் பொய்யை அள்ளி விட்ட மனிதர் என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாரோ என்று, ஒருநாள் டி.சி. வாங்கப் போகும் சாக்கில் போய்ப் பார்த்தேன். வரலாற்றுப் பகுதியில் புதிதாக நாலு வரி சேர்ந்திருந்தது.

‘ஒரு புள்ளியில் தோல்வி. கிழக்குப் பக்கத்து வளையம் அரை விரல் இடப்புறம் சாய்ந்திருந்ததே காரணம். போட்டிக்கு முன் மட்டம் பார்க்கத் தவறியவர் உடற்கல்வி இயக்குநர். எறிந்த வீரரிடம் எந்தக் குறையும் இல்லை.’

கவனக்குறைவை அவரே போர்டில் எழுதி ஒட்டியதால் நிர்வாகம் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்ததாம். ‘எழுதியது எழுதியபடியே’ என்று பதில் எழுதிக் கொடுத்தாராம். பாபு சொன்னான்.

நான் இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிறேன். பெஞ்சில் எடுத்த பயிற்சி. நிலவரம் இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் பழைய வீரர்கள் எல்லாருக்கும் வருகிறது. இந்த ஜூனிலும் வந்தது. பல்லவர்கள் இருக்கிறார்கள், வேன் இருக்கிறது, அடுத்த ஆண்டு உறுதியும் இருக்கிறது. அந்த நாலு வரியும் ஒரு எழுத்து மாறாமல் இருக்கிறது. மற்றதையெல்லாம் சத்தம் போட்டுப் படித்து வீட்டில் சிரிப்பேன். அந்த வரிகள் வந்தால் மட்டும் போனைக் கீழே வைத்துவிடுகிறேன்.

வளையம் நேராத்தான் இருந்துச்சு சார். எனக்குத் தெரியாதா? ஏணியைப் புடிச்சுக்கினு இருந்தவனே நான்தானே.