செத்துப்போன கோதண்டம்

ஜட்கா வண்டி வாசலில் வந்து நின்றபோது, செத்துப்போன கோதண்டம் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

மகன் மணவாளனுக்குப் பட்டணத்துக் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சம்பளம் கட்டாவிட்டால் போய்விடும். செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, நிலம் கட்டாந்தரையாகக் கிடந்தது. உபகாரப் பணம் கொடுக்கும் தர்ம சபையோ தகப்பனில்லாத பிள்ளைக்குத்தான் கொடுக்கும். உயிரோடிருக்கிற அப்பனின் வறுமை அவர்களுக்கு வறுமையே இல்லை. ஆகவே மனுவில் கோதண்டம் மனமாரச் செத்துப்போனார். விசாரிக்க ஆள் வரும் என்று யார் கண்டது?

"இப்ப நீ யாருய்யா?" என்று பதறினாள் மனைவி பொன்னம்மாள். பொட்டை அழிக்க மாட்டேன் என்று முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தாள்.

"உன் அண்ணன்னு சொல்லு!"

சபைக் காரியதரிசி ராஜசேகரன், சேவகன் சின்னசாமியோடு உள்ளே வந்தார். "எப்படி இறந்தார்?"

"ஏரில உழுந்து," என்றாள் பொன்னம்மாள்.

"காய்ச்சல்," என்றான் மணவாளன், அதே மூச்சில்.

"ஏரிதான் வறண்டு கிடக்கிறதே!"

கோதண்டம் முந்திக்கொண்டார். "காஞ்ச ஏரிலதாங்க உழுந்தாரு. அடிபட்டு, காய்ச்சல் கண்டுச்சு."

"நீர் யார்?"

"தாய்மாமனுங்க."

"அப்படியானால் நீரே படிக்க வைக்கலாமே! சபைப் பணம் எதற்கு?"

கோதண்டத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பனைக் கொன்று சம்பாதித்த வறுமையை மாமன் வந்து கெடுத்துவிட்டானே! "எனக்கும் ரொம்ப நாள் இல்லீங்க. வைத்தியர் கைய விரிச்சுட்டாரு," என்று இருமினார். இருமல் நல்ல ஆரோக்கியமாக வந்தது.

"தகப்பனார் எப்படிப்பட்டவர்?"

"சுத்த சோம்பேறிங்க. வாயத் தொறந்தா பொய்யி," என்றாள் பொன்னம்மாள், இந்தக் கேள்விக்காகவே கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தவள்போல.

"தங்கமான மனுசனுங்க!" என்று கத்திவிட்டார் செத்தவர்.

ராஜசேகரன் அவர் மூக்கையும் பையன் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே அச்சு. பிள்ளையின் படிப்பு தன் மூக்கால் போயிற்றே என்று கோதண்டத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"நானும் தகப்பனில்லாப் பிள்ளைதான். இதே சபைப் பணத்தில் படித்தவன்," என்று ராஜசேகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிபாரிசுக் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று வண்டியேறினார்.

மறந்த குடையை எடுக்கத் திரும்பி வந்த சின்னசாமி, இன்னும் வெடவெடத்துக்கொண்டிருந்த கோதண்டத்தின் காதருகே குனிந்தான்.

"இன்னாத்துக்கு நடுங்குற நைனா? எங்க ஐயாவோட அப்பாரு செத்து இருவது வருசமாச்சு. கரையான்சாவடில சௌக்கியமா மூக்குப்பொடிக் கடை வெச்சுகினு கீறாரு!"